கடைசித் தெருவுக்கான பெட்டிகள்

அன்புத் தங்கைக்கு,

அப்பா நலம். இதை முதலில் எழுதினால்தான் மீதியை நிதானமாகப் படிப்பாய்.

வெள்ளம் வடிகிறது. அப்பா இருக்கும் நம் தெருவில் மட்டும் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர். கல்லூரிக்கு விடுமுறை என்பதால் நிவாரண வண்டியில் தொண்டுக்குச் சேர்ந்தேன். இதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பதில் அதுவும் இல்லை.

இன்று உணவுப் பெட்டிகளை ஏற்றியது நான். பட்டியலில் அப்பா தெருவைக் கடைசியில் போட்டிருந்தேன். சொந்த வீட்டுக்கு முதலில் ஓடினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! பட்டியல் வரிசைப்படியே அடுக்கியும் முடித்தேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "முதல்ல இறங்குறது கடைசியாத்தானே ஏறணும் மேடம்? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" என்றார். அப்பா தெருப் பெட்டிகள் கதவோரம் இருந்தன. இறக்கி ஏற்ற நேரமில்லை. அங்கேயே முதலில் போனோம்.

ஆறு வருடமாக அவரும் நானும் பேசாதது உனக்குத் தெரியும். மாடி ஜன்னலில் நின்றார். அவருடைய மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆயிற்று என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். "இலவசச் சோறு எனக்கு வேண்டாம், இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றார் அப்பா, ஓட்டுநரிடம்.

நானும் ஓட்டுநரிடமே சொன்னேன்: "எந்த வீட்டுல எத்தனை பேருன்னு இவருக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் இங்க இறக்கி இவரையே பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. பொறுப்பாளருக்கும் ஒரு பெட்டி உண்டு, அது விதி." அப்படி ஒரு விதி இல்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் பெயர் கேட்டு, வண்டி மருந்துப் பையிலிருந்து அப்பாவின் மாத்திரைகளை எடுத்து அந்தப் பெட்டியில்தான் வைத்தேன்.

கதவு திறந்தது. ஐந்தே நிமிடத்தில், வரிசையில் நிற்கச் சொல்லித் தெருவையே அதட்டிக்கொண்டிருந்தார். என் பேனாவைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். புறப்படும்போது, "நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு?" என்றார். ஓட்டுநரிடம் அல்ல.

"பிடிவாதத்தப் பாத்தே அப்பான்னு தெரிஞ்சிருச்சு மேடம்" என்றார் ஓட்டுநர், வழியில்.

வண்டியில் போட்டுக் கொடுத்ததில் அப்பா போனுக்கு இப்போது சார்ஜ் இருக்கிறது. இதைப் பார்த்ததும் கூப்பிடு. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்காதே, கோபம் வரும். எத்தனை வீட்டுக்குக் கொடுத்தீர்கள் என்று கேள். மற்றதை அவரே சொல்வார்.

பத்து மணி என்று சொல்லியிருக்கிறேன். நாளைய பட்டியலில் அந்தத் தெருதான் முதலில். யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பேனாவை அவரே வைத்திருக்கட்டும்.

நீ கவலையில்லாமல் தூங்கு.

உன் அக்கா