கேசட்டுக்குள் ஒரு கடிதம்

ஏப்ரல் 16, காலை 6.10
ஆறாம் தண்ணீர்க் கிடங்கு

காற்று சரி. தொட்டி மூன்றும் சரி. வெப்பம் இருபத்திரண்டு. ஆள் ஒன்று.

அந்த ஒரு ஆள் நான்தான். ஆவுடையம்மாள், வயது ஐம்பத்து நான்கு, சங்கரன்கோவில் பக்கம், எட்டாம் வகுப்பு வரை படிப்பு. விண்வெளியில் மிதக்கிற இந்தப் பாறையில் கப்பல்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்குச் சமைத்துப் போட வந்தவள். மாசியில் வெளியே குழாய் பார்க்கப் போன இடத்தில் விபத்து. காயம்பட்ட இரண்டு பேரைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போயிற்று. என் தம்பி மகன் கோமதிநாயகம் திரும்பி வரவேயில்லை. தொட்டி உறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அவனை இங்கே விட்டுவிட்டு நான் எங்கே போக, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கப்பல் ஜூன் ஒன்பதாம் தேதி திரும்பி வரும்.

கோமதி அம்மன் படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு. இங்கே நெருப்பு கூடாது. தூங்கப் போகும்போது அதைக் குளிர வைத்தால் சுவர் இயந்திரம் "விளக்கு அணைக்கப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும். நல்ல வாயா அது? அந்த வார்த்தையை வீட்டில் சொல்வோமா? கோமதிநாயகம் விழுந்து விழுந்து சிரிப்பான். "அத்தே, அதுக்கும் சங்கரன்கோவில் பேச்சு சொல்லிக் குடுத்திருதேன், பொறுங்க" என்பான். சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 19, காலை 7.00
எல்லாம் சரி. வெப்பம் இருபத்திரண்டு.

அவன் பெட்டியில் பழைய வீடியோ கேம் ஒன்று இருக்கிறது. கொள்ளுத்தாத்தா காலத்துக் கேசட், அதைச் செருகும் கையடக்கப் பெட்டி. ஒரு ஊரைக் கட்டி, தோட்டம் போட்டு, மாடு வளர்க்கும் விளையாட்டு. உட்கார்ந்து அத்தனையையும் தமிழாக்கி வைத்திருந்தான். அந்த ஊரில் தபால்பெட்டி உண்டு. கடிதம் எழுதி, இன்ன தேதிக்குத்தான் திறக்கும் என்று முத்திரை வைக்கலாம். போன தைமாதம் சொன்னான்: "ஒங்க பொறந்தநாளுக்குத் தெறக்கும். முன்னாடியே நோண்டுனியன்னா அழிஞ்சு போயிரும் பாத்துக்கிடுங்க."

தினமும் காலையில் அந்தத் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைக்கிறேன். இன்றைக்குப் பார்த்தால், அந்த ஊரில் இன்னும் பதினேழாம் தேதி.

ஏப்ரல் 20, பகல் 1.30

கப்பலின் வானொலிக்காரர் லூர்து மொறாயிஸிடம் கேட்டேன். தூத்துக்குடிக்காரர். நான் கேட்டு அவர் பதில் வர அரைமணி நேரம். வந்த பதில் அப்படியே:

"யக்கா, கேசட்டுக்குள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சாகப்போகுது, அதான் கடியாரம் நடக்க மாட்டேங்குது. அது செத்தா ஊரும் போச்சு, கடுதாசியும் போச்சு. பழசக் கழத்துறதுக்கு முன்னாடியே புதுசோட ஒயர அதே ரெண்டு எடத்துல சேத்துருங்க. கூட்டல் கூட்டலோட, கழித்தல் கழித்தலோட. மாத்திக் குடுத்தியன்னா எல்லாம் போச்சு. ஒயரப் பத்தவைக்கும்போது சால்டரிங் அயர்ன மெதுவாப் பிடிங்க யக்கா, தோசைக்கரண்டி இல்ல அது."

தோசைக்கரண்டியாம். லூர்து வரட்டும், தோசை கிடையாது.

ஏப்ரல் 21, காலை 9.15

குளித்து, திருநீறு பூசி, உட்கார்ந்தேன். பேட்டரிக்கு எங்கே போக? சமையலறைத் தராசிலிருந்து எடுத்தேன். இனி உப்பெல்லாம் கைத்திட்டம்தான்.

லூர்து சொன்னது எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் இரவும் பகலும் எரியும் தூண்டாமணி விளக்குக்குத் திரி மாற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய திரி எரியும்போதே புதுத் திரியைப் பக்கத்தில் வைத்து, அது பற்றிய பிறகுதான் பழசை எடுப்பார்கள். சுடர் ஒரு நொடிகூட இல்லாமல் இருக்காது. அதையேதான் செய்தேன். கட்டைவிரல் சுட்டது. திறந்து பார்த்தால் ஊர் இருக்கிறது, மாடு இருக்கிறது, தபால்பெட்டியில் சிவப்பு முத்திரை இருக்கிறது. கடிகாரத்தை நான் நோண்டாமலே அது தானாகத் தேதியைச் சரிசெய்துகொள்ள அவன் ஒரு வழி வைத்திருந்தான், நல்லவேளை. சில நாள் பின்தங்கினால் கடிதம் அழியாது என்று திரையில் எழுதியிருந்தான்.

தனியாக இருந்து அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மே 4, காலை 6.00

இன்று சித்திரை மாதம், அஸ்தம் நட்சத்திரம். என் பிறந்தநாள். பால்பொடியைக் கரைத்துப் பாயசம் வைத்தேன். தபால்பெட்டியைத் திறக்கப் போனேன்.

திறக்கவில்லை.

மே 4, பகல் 12.40

இப்போதுதான் புத்தியில் பட்டது. அவன் என் அடையாள அட்டையைப் பார்த்து வைத்திருப்பான். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பெரிய வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். "வயசு ஆச்சு" என்று சொல்லி, பிறந்த தேதி ஜூன் ஒன்று என எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான்.

இன்னும் இருபத்தெட்டு நாள்.

மே 19, காலை 10.20
வெப்பம் பதினொன்று. மின்சாரம் முப்பது சதவீதம்.

நேற்று விண்கல் மழை. சூரியப் பலகை இரண்டு போயிற்று, கப்பலோடு பேசும் கோபுரமும் போயிற்று. கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. படுக்கையறை, தோட்டம், கருவியறை ஒவ்வொன்றாகக் குளிர வைத்துவிட்டுச் சமையலறையில் ஒதுங்கியிருக்கிறேன்.

லூர்து: "யக்கா, ஒங்க சத்தம் வரல. நீங்க கேக்கியன்னு நெனச்சுச் சொல்லுதேன். இங்கன நூத்துக்கணக்குல பாறை கெடக்கு, எது ஒங்க பாறைன்னு கிட்ட வந்தாலும் தெரியாது. ஒங்க வெளியுடுப்புல அடையாள ஒலிப்பான் இருக்குல்லா, அது மட்டும் டிக் டிக்னு அடிச்சிட்டு இருந்தாப் போதும். அதுல உள்ள பேட்டரியத் தொட்றாதிய யக்கா. மாதாவே, தொட்றாதிய."

மே 27, காலை 8.00
வெப்பம் ஆறு.

தராசுப் பேட்டரி பழசு. குளிர் வேறு. அந்த ஊரில் கடிகாரம் மறுபடி தள்ளாடுகிறது. ஒரு நாள் பின்தங்கிவிட்டது.

வெளியுடுப்பின் பேட்டரி புதுசு. அதே அளவு.

மே 28, காலை 8.30

செய்துவிட்டேன். அம்மா கோமதி, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சால்டரிங் அயர்னுக்கு மின்சாரம் மிச்சமில்லை, ஒயரை ஒட்டுநாடாவால் சுற்றினேன். ஊரின் தேதி சரியாயிற்று, ஒலிப்பான் நின்றுவிட்டது. கடனாகத்தான் எடுத்தேன். ஒன்றாம் தேதி கடிதத்தைப் படித்ததும் திருப்பி மாட்டிவிடுவேன். கப்பல் ஒன்பதாம் தேதிதானே.

ஜூன் 1, காலை 6.00

திறந்தது. சிவப்பு முத்திரை உடைந்து இரண்டு பூ உதிர்ந்தது, அதையும் அவன்தான் வரைந்திருக்கிறான்.

"அத்தே, பொய்ப் பொறந்தநாள் வாழ்த்து! வாத்தியார் போட்ட தேதிக்கு ஒரு கடுதாசி போதும்னு நெனச்சேன். அஸ்தத்துக்கு எதுக்கு எழுதணும்? அன்னைக்குத்தான் நான் பக்கத்துலயே இருப்பேன்லா. பாயசத்துல முந்திரிய ஒளிச்சு வைக்காதிய. கோமு."

ஜூன் 1, காலை 11.00

அவனுக்கு நட்சத்திரம் தெரிந்திருக்கிறது.

தராசுப் பேட்டரி முழுதும் தீர்ந்துவிட்டது, இந்தப் பேட்டரியைக் கழற்றினால் கடிதம் போய்விடும். நாளைக்குக் கழற்றுகிறேன்.

ஜூன் 2
வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று விளக்கைக் குளிர வைப்பார்களா? நாளைக்கு.

ஜூன் 3
சனி. ஆகாது.

ஜூன் 4
பௌர்ணமி. விளக்கேற்றுகிற நாள். வெப்பம் கழித்தல் ஒன்று. விரல் மடங்கவில்லை. இன்றைக்கும் ஏழெட்டுத் தடவை படித்தேன்.

ஜூன் 6
செவ்வாய். செவ்வாயில் எதையும் கழற்றக் கூடாது. கூடாது என்று யார் சொன்னது, ஞாபகமில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேனோ.

ஜூன் 9, காலை 9.05

லூர்து: "யக்கா, வந்துட்டோம். ஒலி கேக்கலியே. ஒரு மணிநேரமாச் சுத்துதோம். எண்ணெய் இன்னொரு சுத்துக்குத்தான் இருக்கு. யக்கா, இருக்கியளா? தோச வேண்டாம், நீங்க இருந்தாப் போதும்."

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

ஜூன் 9, காலை 9.20

ஒட்டுநாடாவை நகத்தால் கிழித்தேன். கோபித்துக்கொள்ளாதே கோமு ஐயா. அணைக்கவில்லை. குளிர வைக்கிறேன்.

ஒலிப்பானில் போட்டேன். டிக் என்றது. டிக். டிக்.

ஜூன் 9, காலை 9.31

மின்சாரம் ஒரு சதவீதம். அம்மன் விளக்கு மலையேறிவிட்டது. கேம் பெட்டியின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கப்பலிலிருந்து இன்னும் சத்தம் இல்லை. கேட்டிருக்கும்.

கேசட்டைத் திறந்து பார்த்தேன். ஊர் இல்லை. மாடு இல்லை. வெறும் பச்சை நிலம். "வணக்கம். புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறது. அவன் தமிழாக்கிய வரிதான்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறேன்.

கோ

ம