பூட்டிவைத்த வீடும் இரண்டு நாட்டுக் கதையும்

ஹொசாயனாவுக்கு அருகே,
மெஸ்கெரெம் மாதம் 5, 2016.

அன்பு மகள் ஹிருத்துக்கு உன் அம்மா அமரெச் எழுதுவது. கடவுள் தயவில் நானும் அப்பாவும் சுகம், பசுவும் கன்றும்கூடச் சுகம். நீயும் மாப்பிள்ளை தகெஸேயும் என் பேரன் நத்னாயேலும் எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்கு இருமல் விட்டதா. இதையெல்லாம் போனிலேயே கேட்டாயிற்றே என்பாய். போனில் நீ நல்லாயிருக்கோம் என்பாய், நானும் நல்லாயிருக்கோம் என்பேன், அதற்குள் லைன் போய்விடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். சந்தைத் தெரு துணிக்கடைக்காரர் அடுத்த வாரம் ஜொஹன்னஸ்பர்க் வருகிறார், அவர் கையில் காப்பிக்கொட்டையும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அவற்றோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். என் கையெழுத்து எட்டாம் வகுப்போடு நின்றது, பொறுத்துக்கொண்டு படி.

நான் திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. உன் ஊரிலிருந்து அடிஸ் அபாபா வரைக்கும் விமானத்தில் வந்த நேரமும் அடிஸிலிருந்து நம் வீட்டுக்கு வந்துசேர்ந்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதில் மழையில் பஸ் நின்றது வேறு. நான் வந்ததிலிருந்து உன் அப்பாவுக்கு நான்தான் ரேடியோ. காலையில் காப்பி வறுக்க உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார், இன்னிக்கு என்ன சொல்லப்போற என்பார். அவருக்கே எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம். “அவங்க நிலம் நம்மள விடக் கொஞ்சம் பெருசு, ஆனா ஜனத்த எண்ணுனா நாம ரெண்டு பங்கு” என்று தெருவே கேட்கச் சொல்கிறார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் பார்க்கவில்லை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடலுக்குக் காரில் ஆறேழு மணி நேரம் என்றேன். “நமக்குத்தான் கடலே இல்ல. ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற நாட்டுல மூணு மாசம் இருந்துட்டு அதப் பாக்காம வந்தவள நான் இப்பதான் பாக்கறேன்” என்று ஒரு வாரம் சிரித்தார். நத்னாயேலின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, “ரெண்டாயிரத்து இருபத்து மூணுன்னு போட்டிருக்கான், நம்ம காலண்டர்ல இப்பதானே ரெண்டாயிரத்துப் பதினாறு பொறந்திருக்கு, எம் பேரன் பொறக்க இன்னும் ஏழு வருஷம் கெடக்கு” என்று அதைத் தேவாலயத்துக்கே எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

முதலில் எல்லாம் நம் பக்கத்தையே தூக்கிப் பேசினேன், மகளே. அங்கே எங்கே பார்த்தாலும் காய்ந்த புல்லும் முள்வேலியும், நீட்டிப் படுத்த சமவெளி, மலை என்று ஒன்றைத் தேடிக் கண் வலித்தது, அங்கே குளிர்காலமான ஜூனில் கொட்டும் பனியில் வாளித் தண்ணீர் உறைந்துபோனது என்றெல்லாம் சொன்னேன். நம் வீட்டுக்குப் பின்னால் என்செத் மரங்கள் இருட்டாக அடர்ந்து நிற்கும்போது உலகத்தில் வேறெங்கே போகவேண்டும் என்றேன். உன் கடைக்கு வரும் அந்த ஊர்க்காரி டினேயோவிடம் நீ போனில் அந்த மரத்தின் படத்தைக் காட்டி, பார்க்கத்தான் வாழை, பழம் தின்ன ஆகாது, கிழங்கையும் தண்டையும்தான் புளிக்கவைத்து ரொட்டி சுடுவோம் என்று சொன்னதும், பழமே தராத வாழைய ஏன் வளக்கறீங்க என்று அவள் கேட்டாளே, அதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் அவர் விடாமல் துருவிக் கேட்கக் கேட்க எனக்கு மற்றதும் நினைவுக்கு வந்தது. குழாயைத் திருப்பினால் தண்ணீர் வந்தது. வீட்டு வாசல்வரை தார் ரோடு. கரண்ட் அங்கேயும் போகிறதுதான், தினம் இரண்டு தடவை போனது, ஆனால் எந்த மணிக்குப் போகும் எந்த மணிக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போனது. இங்கே போனால் போனதுதான், யாரைக் கேட்பது. அதே சமயம் அத்தனை பெரிய தங்கச் சுரங்கமும் தொழிற்சாலையும் உள்ள நாட்டில், உன் கடை எதிரே வேலையில்லாமல் சுவரில் சாய்ந்து நின்ற பிள்ளைகளையும் நான் பார்த்தேன். இங்கே வேலை இல்லாதவனுக்கும் தோண்ட ஒரு துண்டு நிலமாவது இருக்கும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப எதுதான் நல்ல நாடு, ஒண்ணு சொல்லேன்” என்றார். நான் காப்பியை ஊற்றினேன்.

அந்த டினேயோ என்னிடமும் இப்படித்தான் வம்புக்கு வந்தாள், ஞாபகம் இருக்கிறதா. ஒரு நாளைக்கு மூன்று தடவை உட்கார்ந்து காப்பி குடித்தால் உங்கள் நாடு எப்படி முன்னேறும் என்று கேட்டாள். நீங்க எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்கீங்களே, எங்க போய்ச் சேந்தீங்கன்னு கேளு என்று உன்னிடம் சொன்னேன், நீ பயந்து பயந்து மொழிபெயர்த்தாய். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே, அன்றிலிருந்து காப்பிக்கு உட்கார்ந்தால் அவளும் மூன்றாம் சுற்று ஊற்றி முடியும்வரை எழுந்திருப்பதில்லை. உனக்கு வலி எடுத்த அன்று மாப்பிள்ளை சரக்கு எடுக்கப் போயிருந்தபோது அவள்தானே ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளை விரிப்பு, சுடுதண்ணீர், கையுறை போட்ட நர்ஸ், நீ அந்நிய நாட்டுக்காரி என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அந்த நீள வராந்தாவில் உனக்காக உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தி மட்டும்தான், எனக்கு அங்கே ஒரு வார்த்தை பாஷை தெரியாது, எதிர்ச் சுவரில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தனிமையை மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் உன்னிடம் அப்படிப் பேசிவிட்டேன். திருடருக்குப் பயந்து இரும்புக் கம்பிக்குப் பின்னால் நின்று ரொட்டி விற்கிறீர்கள், கூண்டில் அடைத்த கோழி மாதிரி இருக்கிறீர்கள், இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்றேன். நீ குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாய். விமானம் ஏறிய பிறகும் அந்தக் குல்லாதான் கண்ணில் நின்றது.

இப்போது இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்து வீட்டு அயெலெச் நிறைமாதமாக இருந்தாள், அவள் புருஷன் அடிஸில் கட்டட வேலையில். போன மாதம், ஒன்பது நாள் விடாமல் மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், அவளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வந்தது, ஆனால் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது, நம் பாதையில் சேறு முழங்கால்வரை, ஓடைப் பாலத்து மரம் இரண்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் நம் தெருச் சங்கத்துத் தூக்குக்கட்டில் வந்துவிட்டது. இருபது முப்பது ஆண்கள், எட்டெட்டுப் பேராக மாற்றி மாற்றித் தூக்கினார்கள். உன் அப்பா முட்டிவலியோடு முன்னால் போய்க் கம்பால் சேற்றை அளந்தபடி இங்க வைங்க அங்க வைக்காதீங்க என்று கத்திக்கொண்டு போனார். பெண்கள் நாங்கள் கட்டிலோடு கூடவே நடந்தோம், ஒருத்தி அயெலெச்சின் கையைப் பிடித்திருந்தாள், ஒருத்தி மறுபடி மழை வந்தால் என்று குடை, ஒருத்தி வெண்ணெய் தடவிய துணி. யாரும் அவளைத் தனியாக விடவில்லை. அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன், ஹிருத். ஆனால் ஓடைக்கரையில் அவள் என்னைப் பார்த்து, “அக்கா, இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தருக்காவது என்ன செய்யணும்னு தெரியுமா” என்று கேட்டாள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. குழந்தை குறுக்கே கிடந்தது என்பது மட்டும் வயிற்றைத் தொட்டாலே தெரிந்தது. எனக்கு அந்த இடத்தில் உன்னுடைய வெள்ளை விரிப்பும் கையுறை போட்ட நர்ஸும்தான் ஞாபகம் வந்தது, என் மகளுக்கு இங்கே இப்படி வலி வந்திருந்தால் என்று நினைத்தேன்.

அப்போது எதிரே மேட்டிலிருந்து ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தாள். மெசெரெத் என்று பெயர், சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த மருத்துவச்சி, உன்னைவிடச் சின்னவள். வண்டி வரவில்லை என்றதும் அவள் நடந்தே வந்திருக்கிறாள். கட்டிலை அங்கேயே இறக்கச் சொன்னாள், ஆண்களைத் திரும்பி நிற்கச் சொன்னாள், எங்கள் மேல்துணிகளை மறைப்பாகப் பிடிக்கச் சொன்னாள். அரை மணி நேரம் அயெலெச்சோடு பேசிக்கொண்டே வயிற்றின்மேல் கையை வைத்து என்னவோ செய்து குழந்தையைத் திருப்பினாள். பிறகு ஓடைத் தண்ணீரில் இறங்கிக் கடந்து எல்லாரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துமுன் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. இருவரும் சுகம், நேற்று வந்து நம் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று திரும்பி நடக்கும்போது மெசெரெத்தும் சேற்றைக் கழுவிக்கொள்ள நம்மோடு வந்தாள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று அப்பா கேட்டார். இந்தப் பக்கம் அறை கிடைக்கவில்லை, தினமும் ஹொசாயனாவிலிருந்து வருகிறேன், ராத்திரியில் ஏதாவது என்றால் என்னால் வரமுடியாது, வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன் என்றாள். உன் அப்பாவை உனக்குத் தெரியும். நீங்கள் அனுப்பிய பணத்தில் உங்களுக்கென்று கட்டிப் பூட்டிவைத்த அந்த வீட்டை மூன்று வருஷமாகச் சனிக்கிழமைதோறும் தானே பெருக்கித் துடைப்பார், என்னைக்கூடச் செருப்போடு விடமாட்டார், எம் மக வந்து அவ கையாலதான் அடுப்பு மூட்டணும் என்பார். என் தம்பி தானிய மூட்டை வைக்கக் கேட்டதற்கே ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர். அவர் பெல்ட்டில் மாட்டியிருந்த சாவியைக் கழற்றி அந்தப் பெண் முன்னால் நீட்டினார். “எம் மகளோட வீடு. பூட்டியே கெடக்கு. நீ இருந்துக்கோம்மா, மாற்றல வேண்டாம்னு எழுதிடு” என்றார். உன்னைக் கேட்காமல் செய்தோம், தப்புத்தான், அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. என்செத் நடுவே போய்க் களை எடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார், அங்கே களை ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நம்ம ஹிருத் அங்கயேதான் இருப்பா, இல்ல அமரெச்” என்றார். இருந்தா இருக்கட்டுங்க, அங்க அவளுக்கு வேண்டியது கிடைக்குது என்றேன். அதை என் வாயால் சொன்ன பிறகுதான் நான் உன்னிடம் பேசிய பேச்சு எவ்வளவு கெட்டது என்று உறைத்தது. கம்பிக்குப் பின்னால் நீங்கள் நின்றாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் டினேயோ இருந்தாள். அதை நான் பார்த்துவிட்டும் சொல்லாமல் வந்தேன். மன்னித்துக்கொள், கண்ணே.

இப்போது மெசெரெத் ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டிருக்கிறாள், எனக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை, சொல்லவில்லை. வாசலில் தினமும் இரண்டு மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா சனிக்கிழமை துடைக்கப் போகிறார் என்றுதான் பெயர், போய் முட்டிக்கு மருந்து கேட்டுக்கொண்டு வருகிறார். சிலுவைத் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள், வெண்ணெய் மூன்று பானை சேர்த்துவிட்டேன், ஆண்கள் காளை வாங்கப் போயிருக்கிறார்கள். ஓடைப் பாலத்துக்கு மரம் வெட்டி வைத்தாயிற்று, வெயில் வந்ததும் போடுவார்கள்.

குழந்தைக்குக் காதைக் குளிரில் விடாதே. மிளகாய்ப்பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, வாசம் செத்துவிடும். மாப்பிள்ளை இரவில் தனியாகச் சரக்கெடுக்கப் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். காப்பிக்கொட்டையில் பாதி டினேயோவுக்கு, அவளுக்கு வறுக்கத் தெரியாது, நீயே வறுத்துக் கொடு. அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் போனில் அடுத்த திருநாளுக்கு வந்துடுவோம்மா என்கிறாய், சொல்லும்போதே உன் குரல் இறங்கிவிடுகிறது, எனக்குத் தெரியாதா. இனி அதைச் சொல்லவேண்டாம். டிக்கெட் கையில் வந்த அன்று சொல், நான் சந்தோஷப்படுகிறேன். மற்ற நாளில் என்ன சமைத்தாய், பிள்ளை எப்படிச் சிரித்தான், கடைக்கு யார் வந்தார்கள் என்று சொல், அது போதும், லைன் போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடவுள் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீங்கள் இருக்கும் மண்ணும் உங்களுக்கு நல்ல மண்ணாக இருக்கட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா அமரெச்,
அப்பா லம்பெபோவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார்.