செதிலில் இருக்கும் வயது

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

நேற்று கல்லூரி ஆய்வகத்தில் ஓர் ஏரி மீனைக் கொடுத்தார்கள். நீ பழக்கிய கை சும்மா இருக்குமா? மளமளவென்று செதிலைச் சுரண்டிவிட்டேன்.

“குழம்பு வைக்கப் போறியா? செதிலைப் பார்த்துத்தானே வயசையே சொல்ல முடியும்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் எங்கள் மேடம்.

சிங்க்கிலிருந்து செதில்களைப் பொறுக்கி, மரத்தில் இருப்பதுபோல் அதில் இருக்கும் வளையங்களை எண்ணிப் பார்த்தோம். ஒரு வயதுதான், அதற்குள் வயிறு நிறைய முட்டை! மனிதர்கள் காலங்காலமாகப் பெரிய மீன்களையே அள்ளியதில், சிறுசிலேயே முட்டையிடுகிற வம்சம்தான் மிஞ்சியதாம்.

வீட்டில் மீன் வாங்கினால் தலைத்துண்டைத் தம்பிக்குக் கொடுத்துப் பழக்காதே. அது என் பங்கு. இங்கே எனக்கென்று யாரும் எடுத்துவைப்பதில்லை.

வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளை தேடுவதை நிறுத்தி வை, அம்மா. மீனையாவது வலை துரத்தியது. எனக்கென்ன அவசரம்?

உன் மகள்