மச்சான், அன்றைக்கு நாம் திரும்பியிருக்க வேண்டாம்

என் பிரியமுள்ள மச்சான் முனியாண்டிக்கு,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் தங்கச்சி எட்டிப் பார்த்து, "எழுதுறதா இருந்தா எல்லாத்தையும் எழுதுங்க. இல்லன்னா வெறும் படத்தப் போட்டு விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்று நாளில் அவள் என்னோடு பேசியது இவ்வளவுதான். கட்டின பெண்டாட்டி பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நீ பால் வெட்டிய மரங்கள் இப்போது இல்லை. லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸ் கிராணி வீடு வீடாகக் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாதிச் சனம் ஈப்போவுக்கும் செமோர் டவுனுக்கும் போய்விட்டது. உன் வீட்டில் மட்டும் சாயங்காலம் விளக்கு எரிகிறது. உன் பெண்டாட்டி அஞ்சலை அக்கா எங்கே போவாள், சொல்?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நீ என் மனைவியின் அண்ணன். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். ஆனால் பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் கையில் குடியுரிமை இல்லாதவனுக்குத் தரும் சிவப்பு கார்டு. அதை வைத்துக்கொண்டு வெளியே வேலை தேடினால் பெர்மிட் கேட்பார்கள். தோட்டத்தை விட்டால் வீடும் போகும். என்னிடம் குடிமகனுக்கு உண்டான நீல கார்டு இருந்ததால் நான் ஈப்போவில் ஓடு செய்யும் கம்பெனிக்குப் போய்விட்டேன். நீ விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் கைகட்டி நின்றுகொண்டே இருந்தாய்.

பழனிக்குப் போக வேண்டும் என்று உனக்கு எவ்வளவு ஆசை! யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாய்: "கப்பலேறணும்னா பாஸ்போர்ட் வேணும். பாஸ்போர்ட்டுக்கு நீல கார்டு வேணும். நமக்கு சைக்கிளே போதும்லா."

ரப்பர் மரம் இலை கொட்டும் காலத்தில் வெட்டு குறையும். அப்போது ஐந்து நாள் லீவு எடுப்பாய், நானும் எடுப்பேன். வருஷம் முழுக்கக் கருவாடு தின்கிறவன், லயத்தில் காட்டுப்பன்றி பங்கு போட்டால் முதல் ஆளாக நிற்கிறவன், சைக்கிளில் ஏறிவிட்டால் சுத்த சைவம். "ஊரு ஊராப் போறோம், சாமி கும்புடப் போறவன் மாதிரி போவோம்" என்பாய். உன் பையில் ஒரு எனாமல் டம்ளர், இரண்டு வேட்டி, ஈரத்துணியில் சுற்றிய வாழை இலை. சாப்பிட்ட இலையை மாடு இருக்கும் இடமாகப் பார்த்துப் போடுவாய். வழியில் நம் காகிதம்கூடக் கிடக்கக் கூடாது என்று என்னைக் குனிந்து பொறுக்க வைத்திருக்கிறாய்.

தெரிந்த லாரிக்காரன் நிறுத்தி, சைக்கிளோடு ஏறிக்கொள்ளுங்கள் என்றால் கையைக் காட்டி அனுப்பிவிடுவாய். எனக்குக் கோபம் வரும். "மணிக்கணக்கா மிதிக்கிறோமே மச்சான், அவன் கொண்டுபோய் விட்டுடுவான்ல?" என்றேன் ஒருமுறை.

"வருஷத்துல அஞ்சு நாளுதான்டா நான் வெளியில இருக்கேன். வேகமாப் போனா சீக்கிரம் முடிஞ்சிடும்லா" என்றாய்.

கோலகங்சார் ரோட்டில் ஒரு மலாய்க்கார அம்மாவின் கடை ஞாபகம் இருக்கிறதா? காய்கறி மட்டும் போதும் என்று கேட்டு வாங்கினாய். அவளும் கங்கோங் கீரைதான் வதக்கித் தந்தாள். ஆனால் இறால் அரைத்த பெலாச்சான் போட்டுத்தானே அவர்கள் கீரை வதக்குவார்கள்? முதல் வாயிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. முகம் மாறாமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தாய். அடுத்த வருஷமும் அதே கடைக்குப் போனாய். இந்தத் தடவை அடுப்புக்கே போய் நின்று, விரதத்தைப் பற்றி அவளிடம் பொறுமையாகச் சொன்னாய். அதிலிருந்து நமக்கென்று அந்த அம்மா தனிச் சட்டி வைத்தாள். பாரிட் புந்தாருக்கு எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயிலில் போனோமே, அங்கே யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கிடைத்ததும் உன்னால்தான். எங்கே போனாலும் சனங்களை நீ சம்பாதித்துவிடுவாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எழுதக் கை வர மாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் நடுவில் அது. நீ போட்ட குடியுரிமை மனுவுக்குப் பல வருஷம் கழித்து நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மாசி மகத்துக்கு அடுத்த வாரம், புதன்கிழமை, ஈப்போவில். அஞ்சலை அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நீ காப்புக் கட்டிக்கொண்டாய். சைக்கிளிலேயே லூமுட் போய், மாசி மகத்தன்று கடலில் முழுகி, காப்போடு வந்து ஆபீஸ் வாசலில் நிற்பது என்று வேண்டுதல். கடலை நீ அதுவரை பார்த்ததே இல்லை.

சைக்கிளில் கிளம்பிய அன்று மத்தியானம் ஈப்போவைத் தாண்டி, மலையடியில் இருந்த ஒரு சீனர் குகைக் கோயிலில் இறங்கினோம். அங்கே சைவச் சாப்பாடு கிடைக்கும் என்று உன்னைக் கூட்டிப் போனவனே நான்தான். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத சமையல் அது. ஆனால் பார்வைக்கு வாத்துக் கறி மாதிரியும் பன்றிக் கறி மாதிரியும் செய்து வைப்பார்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து, கடைசியில் நிற்கும் பசையில் செய்வது. என்னோடு வேலை செய்த ஆ சோங் மாதத்தில் இரண்டு நாள் அதைத்தான் தின்பான். எனக்கு நன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாது.

நீ இரண்டு துண்டு தின்றுவிட்டு, "என்னடா இது, இம்புட்டு நல்லா இருக்கு?" என்றாய்.

நான் முகத்தை வைத்துக்கொண்டு, "பன்னி மச்சான். சும்மா சாப்பிடு, இங்க யாரு பாக்குறா?" என்றேன்.

விளையாட்டு மச்சான். சத்தியமாக வெறும் விளையாட்டு. உன் முகம் போகிற போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷமே உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். நீ எழுந்து வெளியே போனாய். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் கையில் கட்டியிருந்த காப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாய். மஞ்சள் கயிறு தரையில் கிடந்தது.

அறுந்த காப்பைத் திரும்பக் கட்ட முடியாது. அதை அறுக்க வைத்தது என் வாய் என்று சொன்னால் நீ என்னை அங்கேயே கொன்று போட்டிருப்பாய் என்று பயந்தேன். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். இன்றைக்கு மறைக்காமல் சொல்கிறேன். குற்றம் உன் தலையில் கிடந்தது, எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நீ என்னைத் திட்டக்கூட இல்லை. "நான்தான் பாத்துத் தின்னுருக்கணும்" என்று சொல்லிச் சைக்கிளைச் செமோர் பக்கம் திருப்பினாய். வழியெல்லாம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தப் பாலத்தில் சொல்லலாம், அடுத்த மரத்தடியில் சொல்லலாம் என்று வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

புதன்கிழமை நீ ஆபீசுக்குப் போகவில்லை, வெட்டுக்குப் போனாய். "சாமியே வேணாம்னு சொன்னப்புறம் எந்த முகத்தோட போய் நிக்கிறது?" என்று அக்காவிடம் கேட்டாயாம். அன்று காலை நான் கம்பெனியில் இருந்தேன். சைக்கிளை எடுத்தால் ஒரு மணி நேரத்தில் உன்னிடம் வந்திருக்கலாம். மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு உனக்குக் கடிதம் வரவேயில்லை.

அப்புறமும் வருஷா வருஷம் சைக்கிளில் போனோம். எந்த வழியில் போனாலும் கடல் பக்கம் வரும் முன்பே நீ உள்நாட்டுக்குத் திரும்பிவிடுவாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல வேண்டி வருமே. உனக்குத் தோட்டத்தை விட்டு வெளியே வர வழியில்லை. எனக்கு அந்த ஒரு வார்த்தையை விட்டு வெளியே வர வழியில்லை. பக்கத்தில் பக்கத்தில் மிதித்தோம், ஒரே இலையில் தின்றோம், என் வாய் மட்டும் திறக்கவில்லை. ஒரு காலையில் வெட்டுக்காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்துவிட்டாய் என்று ஆள் வந்து சொன்னபோது, உன்னைத் தூக்க ஓடினேனா, உன்னிடம் சொல்ல ஓடினேனா என்று எனக்கே தெரியவில்லை. வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன வாரம் அஞ்சலை அக்காவுக்கு அதே ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவளுடைய மனுவுக்கு இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். நீல கார்டு இருந்தால்தான் மலிவு வீட்டுக்குப் பெயர் கொடுக்க முடியும். பிள்ளை குட்டி இல்லாதவள், லயமும் போகப்போகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. கூட்டிப்போகிறேன் என்று சொல்ல உன் தங்கச்சியோடு போனேன். அக்கா கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"வேணாம் தம்பி. காப்போட கறி தின்ன வூடு இது. மாரியம்மா இன்னும் கோவமா இருக்கா. அவருக்குத் தெறக்காத வாசலு எனக்கு மட்டும் தெறக்குமா?"

அப்போதுதான் என் வாய் திறந்தது. தலையைக் குனிந்துகொண்டு, கோதுமை மாவிலிருந்து காப்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். உன் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவருக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"தெரியாமலே அனுப்பிச்சிட்டீங்களா?"

அவள் அழவில்லை, சபிக்கவும் இல்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பொதன்கிழமை நான் போறேன். உங்ககூட வேணாம், பஸ்ஸுல போய்க்கிறேன். இப்ப கெளம்புங்க தம்பி" என்றாள். அவள் தம்பி என்று கூப்பிட்டது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மச்சான், அந்த ஆபீசில் சாட்சிக்கு ஆள் கேட்பார்கள். இந்தப் பொம்பிளை இந்தத் தோட்டத்தில்தான் வாழ்ந்தாள், நான் பார்த்தேன் என்று யாராவது சொல்ல வேண்டும். புதன்கிழமை கதவு திறக்கும் முன்பே நான் வாசலில் நிற்பேன். அக்கா கூப்பிட்டால் உள்ளே போய்ச் சொல்வேன். கூப்பிடாவிட்டால் அவள் பஸ் ஏறும் வரைக்கும் அங்கேயே நிற்பேன். அடுத்த முறை கூப்பிட்டாலும் வருவேன், அதற்கடுத்த முறையும் வருவேன். மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன். அதைக் கேட்க வேண்டிய நாளெல்லாம் போய்விட்டது.

அன்றைக்கு அந்தக் குகை வாசலில் உன் கையைப் பிடித்து நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எல்லாரும் கேட்கச் சொல்கிறேன். நீ கறி தின்னவில்லை மச்சான். உன் விரதம் சுத்தமாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன், உன் மச்சான்
காளியப்பன், ஈப்போ