வாவியில் விழுந்த ஹரிக்கேனும் என் நாலாம் குறிப்பும்

3.2.1962, சனி

விமானம் விழுந்து இருபது வருஷம் நிறையும் ஏப்ரல் ஒன்பதாந் திகதி மாலை வாசிகசாலையில் நான் வாசிக்கவேண்டிய கட்டுரைக்கு இன்று வரைவு போட்டேன். இது மூன்றாவது. முதல் இரண்டிலும் ஓரக்கோடு நேராக வரவில்லை.

1. விமானம் எது, எங்கிருந்து வந்தது.
2. எத்தனை மணிக்கு, வாவியில் எந்த இடத்தில் விழுந்தது.
3. அதன் பாகங்கள் இன்று யார் யார் வீட்டில், என்ன வேலை பார்க்கின்றன.
4. மீன்பிடிகாரர் இளையதம்பி பயத்தினால் விமானியை யப்பான்காரன் என்று எண்ணிக் கயிற்றால் கட்டியமை.
5. யுத்த விமானங்களின் சரித்திரத்தைப் பேணவேண்டிய காரணம்.
6. நன்றி.

ஐந்தாவதற்குக் காரணம் இன்னும் கிடைக்கவில்லை. சில்வெஸ்டரைக் கேட்டேன். "காரணம் என்னத்துக்கு ஐயா? பிளேன் எண்டா பிளேன்தானே" என்றார்.

சில்வெஸ்டர், விழுந்த விமானத்தின் சரித்திரம் தேடும் எங்கள் சங்கத்தின் தலைவர். யுத்த காலத்தில் சீனன்குடா விமானத்தளத்தில் பிட்டராக இருந்தவர். மூன்று வருஷம் ஹரிக்கேன் சண்டை விமானங்களின் எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே கழித்தவர். அப்துல் கபூர் உபதலைவர். விழுந்த விமானத்தைத் துண்டு துண்டாகச் சீனன்குடாவுக்கு ஏற்றிய லொறியின் சாரதி. நான் செயலாளர். வேறு உறுப்பினர் எவருமில்லை. ஆகவே எங்கள் தீர்மானங்கள் ஏகமனதாகவோ, இரண்டுக்கு ஒன்றாகவோ நிறைவேறும். அந்த ஒன்று பெரும்பாலும் நான்.

11.2.1962, ஞாயிறு

கபூர் இன்று ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். வாவிக்கரையில், மண்முனையில், ஏற்றியது முழு விமானம். சீனன்குடாவில் இறக்கியது பாதிதானாம்.

"றோட்டு அப்பிடி ஐயா. குலுக்கத்துல விழுந்திரிச்சு."

"வால் முழுவதுமா?"

"அது பெரிய குலுக்கம்."

வீட்டுக்கு வந்து வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். பாகங்கள் விழுந்த இடங்களும் கபூர் தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. இதைக் கட்டுரையில் சேர்ப்பதா? சேர்க்கவில்லை. உபதலைவர்.

24.2.1962, சனி

மூவரும் ஆரையம்பதிக்குப் போனோம். ஆச்சிப்பிள்ளை என்ற விதவைப் பெண்ணின் முற்றத்தில், ஹரிக்கேனின் விமானி தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடியைக் கண்டுபிடித்தோம். சில்வெஸ்டர் கோயிலுக்குள் போகிறவர் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார். உள்ளே ஒரு பேட்டுக் கோழி அடை கிடந்தது.

கட்டுரை வாசிக்கும் அன்று கண்காட்சிக்கு வைக்க ஒரு நாள் தந்தால் போதும் என்று நான்தான் கேட்டேன். கேட்பது எப்போதும் செயலாளரின் வேலை.

"தரலாம். கோழிட்டக் கேட்டீங்களா?" என்றாள்.

இது சண்டை விமானத்தின் பாகம், மணிக்கு முந்நூறு மைல் பறந்தது என்று சில்வெஸ்டர் விளக்கினார்.

"பறந்தது விழுந்திச்சுதானே. இஞ்ச வந்த பொறகுதான் ஒழுங்கா ஒரு வேல செய்யுது. பருந்து கீரி ஒண்டும் கிட்ட வாறல்ல."

கோழிக்கூட்டுக்கு வேறு மூடி ஒன்றின் வரைபடம், அளவுத்திட்டத்துடன் வரைந்து தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நில அளவைக் கந்தோரில் முப்பத்துநாலு வருஷம் படவரைஞனாக இருந்தவன் நான். ஊர் என்னவோ இன்னும் கிளாக்கர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறது.

2.3.1962, வெள்ளி

கபூரின் வீட்டு மாட்டுக்கொட்டில் கதவே விமானத்தின் இறக்கைத் தகடு. இருபது வருஷமாக அதைத் திறந்து மூடியவருக்கு இன்றுதான் ஞாபகம் வந்ததாம். சாணத்தைக் கழுவினோம். நடுவில் சிவப்பு வட்டம் ஒன்று தெரிந்தது.

"யப்பான்" என்றார் கபூர்.

சில்வெஸ்டர் இன்னும் தேய்த்தார். சிவப்பைச் சுற்றி வெள்ளை, வெள்ளையைச் சுற்றி நீலம். "இங்கிலீசுக்காரன்ட அடையாளம். வானத்துல போகக்குள்ள நீலம் தெரியா, சிவப்பு மட்டும் கண்ணக் குத்தும். யப்பான் எண்டு சொல்லி எங்கட ஆக்களே சுட்டிருவாங்க எண்டு அந்த வருசமே சிவப்ப அழிக்கச் சொன்னாங்க. நானே எத்தின பிளேனுக்கு வெள்ள அடிச்சன். எண்டாலும் மூணு நிறமும் இரிக்கக்குள்ள எந்த மடையன் இதப் பாத்து யப்பான் எண்டு சொல்லுவான்?"

நான் தகட்டின் அளவை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் பிழையாக எடுத்தேன்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது. அந்த மடையன் நான்தான். 1942இல் கல்லடிக் கடற்கரையில் மரக்கோபுரம் கட்டி, எதிரி விமானம் வருகிறதா என்று ஆகாயம் பார்க்கக் கந்தோர்காரர் எங்களைப் போட்டிருந்தார்கள். விமானம் ஒன்று கோபுரத்துக்கு மேலால் தாழப் போனது. சிவப்புப் பொட்டைக் கண்டன். ரெண்டாந் தரம் பாக்கவும் நிக்கல்ல. எதிரி விமானம் ஒண்டு வாவிப் பக்கம் விழுந்திட்டுது எண்டு ரெலிபோன் பண்ணினன். அது ஊர்த் தலைமைக்காரர் விதானையாருக்குப் போய், விதானையார் யப்பான்காரன் விழுந்திட்டான் எண்டு பறை அடிப்பிச்சு, அதக் கேட்டுத்தானே இளையதம்பி அந்த மனிசனைக் கட்டினான்? துரையைக் கட்டினதுக்குத் தண்டனையா விதானையார் இளையதம்பியை ரெண்டு நாள் மாமரத்தடியில இருத்தி வெச்சார். ஊர் இருபது வருஷமா, 'துரையைக் கட்டின இளையதம்பி' எண்டு சிரிக்குது. பயந்தவன் அவனாம்.

நாலாம் குறிப்பில் பயம் என்ற சொல்லைப் போட்ட கை எது?

3.3.1962, சனி

கல்லடிக் கோபுரத்தில் நாங்கள் எழுதிய பதிவுப் புத்தகம் எங்கே என்று சில்வெஸ்டர் கேட்டார். கறையான் தின்றுவிட்டது என்றேன். பெட்டகத்தில், வேட்டிகளுக்குக் கீழே, நன்றாகத்தான் இருக்கிறது.

14.3.1962, புதன்

இங்கிலாந்திலிருந்து கடிதம். சில்வெஸ்டர் அங்குள்ள பழைய ஆகாயப்படையினர் சங்கத்துக்கு எழுதியிருந்தார். விமானியே பதில் போட்டிருக்கிறார். பெயர் விக்ஸ். சைக்கிள் கடை வைத்திருக்கிறார், இரண்டு மகன்மார். தன்னைத் தண்ணீரிலிருந்து எடுத்த மீனவரைத் தான் மறக்கவில்லையாம். தோணியில் ஏறியதும் இருவரும் கைகுலுக்கிச் சிரித்தார்களாம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்களாம். கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பவேண்டுமாம்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சில்வெஸ்டருக்குக் கோபம். "பெருந்தன்மையில மறைக்கிறார். நாங்க மறைக்கப்படாது. சரித்திரம்." இளையதம்பியை முன்வரிசையில் இருத்துவது, நாலாம் குறிப்பு வாசித்ததும் எழுந்து மன்னிப்புக் கேட்கச் செய்வது, அதையும் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்புவது என்று தீர்மானம்.

ஏகமனதாக நிறைவேறியது. என் கையும் உயர்ந்திருந்தது.

17.3.1962, சனி

நாலாம் குறிப்பைத் திரும்பவும் பிரதி பண்ணினேன். ஓரக்கோடு கோணிவிட்டது.

25.3.1962, ஞாயிறு

மனைவி அன்னப்பூரணி தேங்காய் துருவிக்கொண்டே, "இளையதம்பிட்ட எப்ப போறீங்க?" என்று கேட்டாள்.

எதற்கு என்றேன்.

"நீங்க அடிச்ச ரெலிபோனச் சொல்லத்தான்."

இருபது வருஷமாக யாருக்கும் சொல்லாதது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நித்திரையில நீங்க யப்பான் யப்பான், ரெலிபோன் ரெலிபோன் எண்டு கத்தாத நாள் இரிக்கா? எங்கட அம்மா உசிரோட இரிக்கக்குள்ள, மருமகனுக்கு யப்பான்ல ஒருத்தி இரிக்காளாக்கும் எண்டு கேட்டவ."

மாமியார் என்னைப் பத்து வருஷம் ஒரு மாதிரியாகப் பார்த்ததற்குக் காரணம் இன்றுதான் விளங்கிற்று.

1.4.1962, ஞாயிறு

மண்முனைத் துறையில் ஓடமேறி மகிழடித்தீவுக்குப் போனேன். சொல்லவேண்டியதை ஒரு கடதாசியில் எழுதி, எண் போட்டு, சட்டைப்பையில் வைத்திருந்தேன். இளையதம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் நின்றபடியே வாசித்தேன். மூன்றாவது எண்ணுக்கு வரும்போது அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"இரிங்க கிளாக்கர் ஐயா. நீங்க ரெலிபோன் அடிச்சா எனக்கென்ன? நான் வாவிக்கு நடுவுல நிண்டன். விதானையார்ர பறை கேட்டது தோணிய கரையில இழுத்த பொறகுதான்."

"அப்ப நீங்களாகவே யப்பான்காரன் என்று நினைத்தீர்களா?"

"எனக்குக் கண் தெரியாதா? சோளப்பூ மாதிரித் தலமயிர். வெள்ளக்காரன் எண்டு தூரத்தால பாக்கவே தெரியும்."

"அப்ப மறுகா ஏன் கட்டினீங்க?" – என் வாயிலும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

அவர் வலையைக் கீழே வைத்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். கேட்பதற்கு ஒரு நாய் மட்டும் இருந்தது.

"நான் நினைக்கல்ல ஐயா. அவன்தான் நினைச்சான். அப்பா செத்து முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடிஞ்சு நான் மொட்டத் தல. கண்ணும் சின்னது. என்னக் கண்டதும் யப்பான்காரன் எண்டு பயந்து கும்பிடுறான். தோணில ஏத்தினா தண்ணிக்குள்ள பாயிறான். நாலு தரம் ஐயா. கை வேற முறிஞ்சிரிக்கு. தாயக் கூப்பிட்டு அழுகிறான். எனக்கு இங்கிலீசு தெரியா, ஆனா அது விளங்கிச்சு. சின்னப் பொடியன். விட்டாச் செத்திருவான். வலக்கயித்தால கட்டினன்."

"பிறகு?"

"ஒரு மணித்தியாலத்தால ஜீப்புல துரைமார் வந்தாங்க. அவங்களக் கண்ட பொறகுதான் அவனுக்குப் புத்தி தெளிஞ்சிச்சு. என்னப் பாத்தான். சொல்லிராத எண்டு கண்ணால கெஞ்சினான். நானும் ஓம் எண்டு தலையாட்டினன்."

"இருபது வருஷமாகச் சொல்லவில்லையா?"

"தலையாட்டிட்டன்தானே."

கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். கைகுலுக்கிய இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "பிள்ளையளுக்கு அப்பிடிச் சொல்லி வெச்சிரிக்கான் எண்டா அப்பிடியே கிடக்கட்டும். நான் வந்து மன்னிப்புக் கேக்கிறன். எனக்கென்ன?" என்றார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "கேக்கத்தான் வேணும். எங்கட மகள்ர கலியாண வீட்டுலயும் கயித்துக் கதைதானே கதைச்சாங்க. இன்னும் ஒரு தரம் சிரிச்சிட்டுப் போகட்டும்" என்றாள். அவர் அதற்குச் சிரிக்கவில்லை.

ஓடத்தில் திரும்பும்போது கடதாசியைக் கிழித்து வாவியில் போட்டேன். பிறகுதான் பின்பக்கத்தில் பஸ் நேரம் குறித்திருந்தது ஞாபகம் வந்தது. நடந்து வந்தேன்.

2.4.1962, திங்கள்

பெட்டகத்திலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். என் கையெழுத்து. விமானம் விழுந்தது 11.10. ரெலிபோன் 11.14. விதானையார் பறை 11.50. பக்கத்தில், மறுநாள் விசாரித்து நானே சிவப்பு மையால் எழுதியது: 'மீனவர் விமானியுடன் கரைசேர்ந்தது 11.35.'

இருபது வருஷம் பயந்தேன். ஒரு தரமாவது கழித்துப் பார்த்தேனா?

பயம் போனதற்குச் சந்தோஷப்படவேண்டும். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கிறது. என் ஆயுளில் நான் செய்த ஒரே பெரிய பிழை என்று நினைத்திருந்தேன்.

8.4.1962, ஞாயிறு

நாலாம் குறிப்பை எப்படி எழுதுவது? உண்மையை எழுதினால் இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகள் வாசிப்பார்கள். இளையதம்பியின் தலையாட்டலும் வீண். பழையபடி விட்டால் நாளை அவர் எழுந்து நிற்கவேண்டும். இரண்டும் ஆகாது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதில் கயிறு என்ற சொல் வராது. எழுதிவிட்டேன். ஓரக்கோடு போடவில்லை.

9.4.1962, திங்கள்

வாசித்துவிட்டேன்.

மண்டபத்தில் எழுபது பேர் இருக்கும். கபூரின் மாட்டுக்கொட்டில் கதவை மேடையில் நிறுத்தியிருந்தோம். ஆச்சிப்பிள்ளை கண்ணாடி மூடியோடு நேரே வந்துவிட்டாள். உள்ளே கோழியும் ஒன்பது குஞ்சுகளும். சில்வெஸ்டர் ஹரிக்கேனின் பெயர்ப்பலகையைக் கோழிக்கு முன்னால் வைத்தார். இளையதம்பி புதுச் சாரமும் சட்டையுமாக முன்வரிசையில்.

மூன்றாம் குறிப்பு வரை முன்பு எழுதியபடியே வாசித்தேன். நாலாவதற்குப் புதுக் கடதாசியை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு வாசித்தேன்: "அது எதிரி விமானம் என்று ரெலிபோனில் அறிவித்தவன் இக்கட்டுரையாளனே. இங்கிலீசு விமானத்தின் சிவப்புப் பொட்டை யப்பானின் அடையாளமாகக் கொண்டது என் பிழை. பறையால் வந்த செய்தியை நம்பிய இளையதம்பி, அஞ்சாமல், அரசாங்கம் எதிர்பார்த்ததையே செய்தார்."

முதலில் கோழி கொக்கரித்தது. பிறகு பின்வரிசையில் ஒருவன், "அப்ப நாங்க இத்தின காலமும் பிழையான ஆளப் பாத்தா சிரிச்சம்?" என்றான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. இந்த முறை எல்லா முகமும் மேடையை நோக்கி. அன்னப்பூரணியின் சிரிப்பும் அதில் தனியாகக் கேட்டது.

சில்வெஸ்டர் எழுந்து, தீர்மானத்தை மாற்றி, செயலாளரே இளையதம்பியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். கேட்டேன். இளையதம்பி சாரத்தைச் சரிசெய்துகொண்டு, "சரி, போகட்டும். ஆனா ரெண்டு நாள் மாமரத்துக்குக் கீழ இருந்தனான், எறும்பு வேற" என்றார். அவருடைய மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் குறிப்பை வாசிக்க மறந்துவிட்டேன். எவரும் கேட்கவில்லை.

12.4.1962, வியாழன்

சந்தையில் மீன் விற்கிறவள் வானத்தைக் காட்டி, "கிளாக்கர் ஐயா, அந்தா ஒரு காகம் போகுது. எந்த நாட்டுக் காகம் எண்டு பாத்துச் சொல்லுங்க" என்றாள். நான் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

பின்னேரம் சில்வெஸ்டர் வந்தார். இங்கிலாந்துக்கு அனுப்பும் பிரதியைப் புரட்டினார். "எல்லாத்துக்கும் நிமிசக் கணக்குப் போட்டிரிக்கிங்க. நாலாவதுல மட்டும் ஒரு நேரமும் இல்லையே ஐயா?"

கறையான் என்றேன்.

எஞ்சினில் ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர். பிரதியை மடித்து உறையில் போட்டார். பிறகு உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டுரை கப்பலேறிவிடும். ஆகவே இங்கே மட்டும், முறைப்படி, திருத்தம்: பறை 11.50. இளையதம்பி கரைசேர்ந்தது 11.35. பறையைக் கேட்டு அவர் எவரையும் கட்டியிருக்கமுடியாது. நான் எழுபது பேருக்கு முன்னால் வாசித்த நாலாம் குறிப்பு பிழை.