கணக்கு சார்

மார்கழி 9, புதன்.

திரேஸ்புரத்தில் படகுகளை வரைந்துவிட்டு, மீனும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவராம்.

“கணக்கு சார்தான? நல்லா இருக்கியளா? நீங்க சொல்லித்தந்த கணக்காலதான் சார், இப்பம் ஹார்பர்ல வேல பாக்கேன். டிராயிங் பீரியடையும் வாங்கி நடத்துவியளே, மறக்க முடியுமா?”

அந்த டிராயிங் பீரியட் என்னுடையது. பரீட்சை வருகிறது என்று முப்பது வருடமும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தனியாக வரைந்துகொண்டிருப்பேன். அவர் இப்போது உயிரோடு இல்லை.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி பார்வதி இறந்த பிறகு என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. ஆமாம் என்றேன். வரைநோட்டை மீன் பைக்குள் செருகினேன்.

“ஞாயித்துக்கிழம பிள்ளைகளக் கூட்டிட்டு வீட்டுக்கு வாரேன் சார்.”

மில்லர்புரம் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீடு முழுக்க என் படங்கள். சாயங்காலத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். பார்வதியை வரைந்ததை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. கேட்டால், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வரைந்து கொடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம்.