சந்தனம் வைத்த கீபோர்டு

ஜீவனஹள்ளி,
பெங்களூர்.
12-10-2003

அன்பு மகன் உத்தமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை யசோதாவும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் இறங்கியதா, உன் இருமல் நின்றதா என்று மறக்காமல் எழுது. ஃபோனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்ற ஒரே பதில்தான் உன்னிடமிருந்து வருகிறது, அதனால் எழுத்தில் கேட்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன நடையை மட்டும் நடக்க மாட்டேன் என்கிறார், பேப்பர் கடை வரைக்கும் போய்வந்து அதையே வாக்கிங் என்று கணக்குக் காட்டுகிறார்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். யசோதா வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறாள் என்று சொன்னேன் அல்லவா, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கிற கம்பெனி, கண் தெரியாதவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவள் படித்த பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். இதற்கு முன் போன இடங்களில் அவளைப் பார்த்ததுமே வேறொரு நாள் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டதால், இந்த முறை பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் விடாமல் பழகினாள். அடிக்கிற எழுத்தையெல்லாம் அது வாய்விட்டுச் சொல்கிறதே, அந்தக் குரலுக்கு அப்பா வெள்ளைக்காரர் என்று பேர் வைத்திருக்கிறார். இந்த வீட்டில் குறை சொல்லாமல் வேலை செய்கிற ஒரே ஆள் அவர்தான் என்பார், என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

திங்கட்கிழமை பரீட்சை, அதற்கு முந்தின சனிக்கிழமை ஆயுத பூஜை. என் தையல் மிஷின், அப்பாவின் ஸ்கூட்டர், மிக்சி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் யசோதாவின் கம்ப்யூட்டரை விடலாமா, அதுதானே அவளுக்கு ஆயுதம். ஒன்றை விட்டாலும் குறையாகிவிடும் என்று கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்து மேலே குங்குமமும் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாதே, அவளும் தொடவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்தவள், அம்மா என்னம்மா பண்ணி வெச்சிருக்க என்றாள். எஃப், ஜே என்கிற இரண்டு பட்டனில் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதாம், அதைத் தடவித்தான் விரலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியுமாம். என் சந்தனம் காய்ந்து எல்லாப் பட்டனும் மேடாகிவிட்டது. ஈரத்துணி எடுக்கப் போனேன், தண்ணி பட்டா உள்ளதும் போச்சு, நீ சும்மா உக்காரு என்று அதட்டிவிட்டு, ஒவ்வொன்றாக அழுத்தி வெள்ளைக்காரர் சொல்வதைக் கேட்டு அந்த இரண்டையும் கண்டுபிடித்து நகத்தால் சுரண்டினாள். அன்று முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை, அப்பாவுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னை உட்காரவைத்தார்கள். உள்ளே பார்த்தால் வரிசையாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வாடிய மாலை, கீபோர்டு முழுக்கச் சந்தனப் பொட்டு. என்னைப் போல ஒரு மகராசி அங்கேயும் இருந்திருக்கிறாள். எழுந்து உள்ளே போகப் பார்த்தேன், வாசலில் இருந்த பெண் கூத்கொள்ளி அம்மா என்று கன்னடத்தில் சொல்லித் திரும்ப உட்காரவைத்துவிட்டாள். யசோதா பட்டன்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். பரீட்சை வைத்த சீனிவாசராகவன் என்பவர் பதறிப்போய், வேறொரு நாள் வெச்சுக்கலாமாம்மா என்று கேட்டாராம். அந்த வேறொரு நாள் எங்களுக்கு வந்ததே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும். இவள் விடவில்லை, வேணாம் சார், எங்க வீட்லயும் இதே கதைதான், ரெண்டு நிமிஷம் குடுங்க என்று சொல்லி, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, அந்த இரண்டு பட்டனையும் கண்டுபிடித்துச் சுரண்டிவிட்டு, அடிக்க ஆரம்பித்தாளாம். பேசியதெல்லாம் வெளியே வந்தபின் அவள் சொன்னது. நான் கண்டது அவள் விரல்கள் ஓடியதும் அந்த மனிதர் பின்னால் நின்று பார்த்ததும்தான். கொஞ்சம் அழுதேன், அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது உத்தமா, அடுத்த மாதம் சேர வேண்டும். அப்பா காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை நடந்தே போய் மைசூர்பாக் வாங்கி வந்தார், தெருவுக்கே கொடுத்துவிட்டு எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைத்தார். தினமும் நான் கூட வருகிறேன் என்றதற்கு, பஸ் ஸ்டாப் வரைக்கும் வா, அதுவும் மொதல் வாரம் மட்டும் என்கிறாள்.

போன கடிதத்தில் நீ, யசோதாவை நினைத்துத்தான் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கக் கையெழுத்துப் போடப் போவதாக எழுதியிருந்தாய். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நேற்று சாப்பிடும்போது சொன்னாள், அண்ணனுக்கு எழுதும்மா, அங்க இருக்க இஷ்டம்னா இருக்கட்டும், எனக்காக இருக்க வேணாம். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால், நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், அது உனக்குத் தெரிந்ததுதான்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஃபோன் போடு. உனக்காகத்தான் மஸ்கட்டில் இருக்கிறேன் என்று நீயே யசோதாவிடம் நேராகச் சொல்லிப் பார்.

உன் அம்மா
ஜெயலட்சுமி